ஓரகத்தியிடம் கொடுத்த டாங்கிள்

எங்கள் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடைக்கு இரண்டு பேர் சொந்தக்காரர்கள். நானும் என் ஓரகத்தியும். மெஷின் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, டாங்கிள் ஒன்று. தீப்பெட்டி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும் அந்த டாங்கிளை, கம்ப்யூட்டருக்குப் பின்னால் அந்தக் காலத்துப் பிரிண்டர் வயர் மாட்டும் இடத்தில் செருக வேண்டும். செருகியிருந்தால்தான் டிசைன் போடுகிற சாஃப்ட்வேர் திறக்கும். இல்லாவிட்டால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, டாங்கிளைக் காணோம் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மூடிவிடும்.

சாஃப்ட்வேரை விற்ற ஏஜென்ட் கோயம்புத்தூரிலிருந்து நேரில் வந்து மாட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது ஒன்று சொன்னார். சிடி கீறல் விழுந்தால் வேறு சிடி அனுப்பலாம், டாங்கிள் தொலைந்தால் சாஃப்ட்வேரையே புதிதாகத்தான் வாங்க வேண்டும். யாராவது திருடினால் என்று கேட்டேன். திருடினாலும் அப்படித்தான் என்றார். அன்று மாலையே நான் டாங்கிளைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் தினமும் மாலையில் கழற்றினேன், காலையில் மாட்டினேன். ஏஜென்ட்டின் போன் நம்பர் நடுவில் எப்போதோ வேலை செய்யாமல் போய்விட்டது.

என் சுபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். பால்காரர் ஊற்றும்போது பக்கத்திலேயே நிற்பேன். ஆட்டோ பழகாத தெருவுக்குள் திரும்பினால் உடனே ஏன் என்று கேட்பேன். கல்யாண வீட்டில் யாராவது இரண்டு பேர் தணிந்த குரலில் பேசினால் அது என்னைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொள்வேன். இதற்காக என் வீட்டுக்காரர் என்னைக் கேலி செய்வார். எனக்கு அது ஜாக்கிரதை.

ஓரகத்தி என் கொழுந்தனின் மனைவி. என்னைவிட ஏழு வயது சின்னவள். அதிகம் பேச மாட்டாள், கை மட்டும் வேகம். டிசைன் என் வேலை, மெஷின் அவள் வேலை. ரவிக்கைக்கு மயில், மாங்காய், கொடி, பள்ளிக்கூடச் சட்டைக்கு முத்திரை, டைக்குப் பெயர். இதெல்லாம்தான் எங்கள் பிழைப்பு. கடை ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் இருந்தது. அவள் வீடு கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் திருவானைக்காவலில். அவள் ஒன்பது மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவாள். நான் சமையலை முடித்துவிட்டு வந்து சேரப் பத்தரை ஆகும். அதற்குள் யாராவது வந்து ஒரு பெயரை மாற்றித் தரச் சொன்னாலோ, பூவைக் கொஞ்சம் சின்னதாக்கிக் கேட்டாலோ, அவளால் ஒன்றும் செய்ய முடியாது. அக்கா வரட்டும் என்று உட்கார வைப்பாள்.

ஒரு முறை மட்டும் அவள் கேட்டாள், டாங்கிள் கம்ப்யூட்டரிலேயே இருந்தால் என்ன என்று. ஷட்டர் பூட்டு சரியில்லை, எதற்கு வம்பு என்றேன். அடுத்த வாரமே புதுப் பூட்டு வாங்கி மாட்டினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அன்றைக்கும் டாங்கிளைக் கழற்றினேன். அவள் அதைப் பார்த்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மணப்பாறையில் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். தம்பி போன் செய்தபோது நான் கடையில் இருந்தேன். பள்ளிக்கூடம் திறக்க மூன்று வாரம்தான் பாக்கி. நானூறுக்கு மேல் சட்டை முத்திரைகள் தைக்கக் கிடந்தன. எத்தனை நாளில் திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, டாங்கிளை எடுத்து ஓரகத்தியின் கையில் கொடுத்தேன். அதில் ஒரு மூலையில் சிவப்பு நெயில் பாலிஷால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருந்தேன். யாராவது மாற்றி வைத்துவிட்டால் கண்டுபிடிக்க வேண்டுமே என்று முதல் வருடமே வைத்த புள்ளி. பத்திரம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

மணப்பாறையில் பதினோரு நாள் ஆயிற்று. ஆபரேஷன், அப்புறம் அம்மாவை உட்கார வைப்பது, நடக்க வைப்பது. தினமும் மத்தியானம் ஓரகத்திக்குப் போன் செய்து அம்மாவைப் பற்றிச் சொல்வேன். கடைசியில் டாங்கிளைப் பற்றிக் கேட்பேன். இருக்குக்கா என்பாள். ஒன்பதாவது நாள் போனில், கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுவிட்டது, பவரே வரவில்லை என்றாள். நல்லவேளை, முத்திரை டிசைன் மெஷினிலேயே ஏற்றியிருந்ததால் தையல் நிற்கவில்லையாம்.

திரும்பி வந்த அன்று நேராகக் கடைக்குத்தான் போனேன். அவள் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே டாங்கிள். ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்புப் புள்ளியைக் காணோம்.

அப்போதே கேட்டிருக்கலாம். புள்ளி எங்கே என்று இரண்டு வார்த்தை. ஆனால் கேட்டால், நான் புள்ளி வைத்த விஷயம் வெளியே வந்துவிடும். அதை எதற்கு வைத்தேன் என்றும் அவளுக்குச் சொல்ல வேண்டிவரும். டாங்கிளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, சட்டையெல்லாம் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினேன்.

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவர்கள், மதர்போர்டு போய்விட்டது, இந்த மாடலுக்கு இனிமேல் கிடைக்காது என்றார்கள். நல்லவேளையாக ஹார்டு டிஸ்க் பிழைத்தது. பன்னிரண்டு வருட டிசைன்கள் அதில் இருந்தன. ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். அத்தனையும் அந்த சாஃப்ட்வேரில் மட்டும்தான் திறக்கும். தில்லைநகரில் ஒரு கடையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். புது விண்டோஸோடு வந்தது. அதன் பின்பக்கத்தில் டாங்கிளைச் செருகும் அந்த நீளமான வாயே இல்லை. கடைக்காரர் அதெல்லாம் ஒன்றும் பிரச்சினை இல்லை என்று ஒரு வயர் கொடுத்தார். ஒரு முனையில் டாங்கிள், மறுமுனை யூஎஸ்பி.

வயரை மாட்டினோம், சிடியைப் போட்டோம். சாஃப்ட்வேர் ஏறியதும் ஐகானை அழுத்தினேன். சின்னப் பெட்டி வந்தது. டாங்கிளைக் காணோம்.

கழற்றி மாட்டினேன். வேறு துளையில் மாட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அதே பெட்டிதான். தில்லைநகர்க்காரர் கடைக்கே வந்து ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரும் வயரும் புதுசு, சிடி சரியாக ஏறுகிறது, ஆகவே கோளாறு டாங்கிளில்தான் என்று முடிவு சொன்னார். பைக்கில் ஏறும்போது என்னிடம் தனியாக, "இது ஒரிஜினல்தானாம்மா? டூப்ளிகேட் டாங்கிளெல்லாம் மார்க்கெட்ல சுத்துது" என்றார்.

அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு நான் உள்ளே வந்தேன். ஓரகத்தி மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்தபடியே நின்றேன்.

அதன் பிறகு எனக்கு எல்லாமே பொருந்திப் போயிற்று. அவளுடைய அண்ணன் எடமலைப்பட்டி புதூரில் ரெடிமேட் துணி தைத்துக் கொடுக்கிறவர். அவர் ஒரு எம்பிராய்டரி மெஷின் வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று என் கொழுந்தன் ஒரு முறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஓரகத்தி அதை என்னிடம் சொன்னதே இல்லை. மெஷின் வந்தால் சாஃப்ட்வேர் வேண்டும். சாஃப்ட்வேருக்கு டாங்கிள் வேண்டும். சிடியை யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம். பதினோரு நாள் அவள் கையில் டாங்கிள் இருந்தது. புள்ளி வைத்தது போயிற்று, புள்ளி இல்லாதது வந்திருக்கிறது. கம்ப்யூட்டர்கூட ஏன் சரியாக அந்த நாட்களில் சாக வேண்டும் என்றெல்லாம் போயிற்று என் புத்தி.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல், "சும்மா இரு. அந்தப் பொண்ணு அப்படிச் செய்யாது" என்றார். தம்பி மனைவி என்றதும் பரிந்துகொண்டு வருகிறாரே என்று அவர் மேலும் கோபம் வந்தது.

எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுக்கும் பெண் வேறு எண்ணெய் ஊற்றினாள். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. நான் ஊரில் இல்லாத நாட்களில் ஒரு மத்தியானம் ஓரகத்தியைச் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் பார்த்தாளாம். ஒரு கம்ப்யூட்டர் கடை மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாளாம். கம்ப்யூட்டர் ரிப்பேருக்காக இருக்கும் என்றேன். இருக்கலாம், ஆனால் அது நீங்கள் போய் இரண்டு மூன்று நாளிலேயே என்றாள். கம்ப்யூட்டர் நின்றது ஒன்பதாவது நாள்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போகும்போது கைப்பையைக் கடையிலேயே விட்டுப் போயிருந்தாள். பாதி ஷட்டரை இறக்கிவிட்டு அதைத் திறந்தேன். சீப்பு, தலைவலி மாத்திரை, கொழுந்தனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஊசி நூல். உள் ஜிப்பில் ஒரு விசிட்டிங் கார்டு. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மாடிக் கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ். பின்பக்கம் பேனாவால் அவள் கையெழுத்தில் இரண்டே வார்த்தை: டாங்கிள் காப்பி.

கார்டிலிருந்த விலாசத்தை மனப்பாடம் செய்துகொண்டு, எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்தேன். வைத்ததாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கட்டைப்பையில் சிடி, பில், டாங்கிள், வயர் எல்லாம் இருந்தன. பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது என்ன பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வந்த வேலையைச் சொல்லக் கூடாது. சாதாரண வாடிக்கையாளர் மாதிரி டாங்கிளைக் காட்டி, இதைக் காப்பி எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். முடியும் என்றால் ஆள் அகப்பட்டார்.

படியேறிப் போனால் நீளமான ஒற்றை அறை. சுவர் முழுக்கப் பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டிகள். நடுவில் என் வீட்டுக்காரர் வயதில் ஒருவர், மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஒரு போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். டாங்கிளை எடுத்து மேஜையில் வைத்தேன். காப்பி என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இது ஏற்கெனவே என்கிட்ட வந்ததாச்சே. வேற ஒரு அம்மா கொண்டாந்தாங்க. உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

என்னுடையதுதான் என்றேன். அவர் டாங்கிளைத் திருப்பித் தரவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார். பில் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பில் கடையின் பேரில் இருந்தது, என் பேர் அதில் இல்லை. அவர் ஒரு நோட்டைப் புரட்டி ஒரு நம்பரைத் தேடினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தச் சாமானுக்காக ஆளுங்க சண்டை போட்டுக்கிறதை நான் நிறையப் பார்த்திருக்கேன். அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொன்னால் திருடி என்றே ஆகிவிடும். அவர் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மணி அடிப்பது கேட்டது. பின்னால் எங்கள் மெஷின் ஓடும் சத்தத்தோடு ஓரகத்தியின் குரல் வந்தது. நீங்கள் கொண்டு வந்த டாங்கிளை ஒரு அம்மா எடுத்து வந்திருக்கிறார், கொஞ்சம் பருமனாக, பச்சைப் புடவை, தெரியுமா என்றார்.

மெஷின் சத்தம் நின்றது. அவள்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"அவங்க எங்க அக்காதாங்க. டாங்கிள் அவங்களுதுதான். கொடுத்துடுங்க."

போன் வைக்கப்பட்டது. அவர் டாங்கிளை இழுப்பறையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்து, மன்னிக்கணும்மா என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொஞ்சம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அப்புறம், அவள் எதற்கு வந்தாள் என்று கேட்டேன்.

அவர் ஒளிக்கவில்லை. இதே மாதிரி இன்னொன்று செய்து தர முடியுமா என்று கேட்டு வந்தாளாம். முடியாது, அது சட்டப்படியும் தப்பு, நான் செய்யவும் மாட்டேன் என்று இவர் சொன்னாராம். அவள் வற்புறுத்தவில்லை. டாங்கிளின் உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததைப் பார்த்து இவரே ஒரு திரவத்தால் துடைத்துக் கொடுத்திருக்கிறார். மேலேயும் துடைத்தீர்களா என்றேன். ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்தது, அதையும் துடைத்தேன் என்றார்.

"எதுக்கு இன்னொன்னு கேட்டா? அதைச் சொன்னாளா?"

"அக்கா வெளியூர் போனா வேலை நின்னுடுது, அவங்ககிட்ட ஒண்ணு, கடையில ஒண்ணு இருந்தா தேவலைனு சொன்னாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

உடனே நம்பிவிட்டேன் என்று எழுதினால் பொய். புள்ளிக்குக் காரணம் கிடைத்தது. ஆனால் காப்பி எடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்பதும் உறுதியாயிற்று. அந்த இன்னொன்று கடைக்கா, எடமலைப்பட்டி புதூருக்கா? அதுவும் போக, இவர் ஏன் இவ்வளவு நல்லவராகப் பேசுகிறார்? டாங்கிள் இன்னமும் வேலை செய்யவில்லையே. துடைக்கிற சாக்கில் உள்ளே இருந்ததை மாற்றியிருந்தால்?

தில்லைநகர்க்காரர் சொன்னதைச் சொல்லி, இது ஒரிஜினல்தானா என்று அவரிடமே கேட்டேன். அவர் அந்த யூஎஸ்பி வயரைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். இது பிரிண்டருக்கு மட்டும் செய்த வயர். பிரிண்டரோடு பேசுகிற மாதிரி டாங்கிளோடு பேச இதற்குத் தெரியாது. இதில் எந்த டாங்கிளை மாட்டினாலும் காணோம் என்றுதான் வரும் என்றார். நான் நம்பாதது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். எழுந்து போய்ச் சுவரோரமிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை இழுத்து வந்தார். பின்னால் அந்த நீள வாய் இருந்தது. டாங்கிளை என்னையே செருகச் சொன்னார். சிடியையும் என்னையே போடச் சொன்னார். அவர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

ஏறி முடிக்க இருபது நிமிடம் ஆனது. ஐகானை அழுத்தினேன். பெட்டி வரவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பார்த்த அந்தச் சாம்பல் கட்டங்கள் திரையில் வந்து நின்றன. டாங்கிள் என்னுடையதேதான்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஓரகத்தி மெஷினை நிறுத்திய சத்தம்தான் காதில் இருந்தது.

அதற்கப்புறம் அவர் செய்த வேலைக்கு மூன்று நாள் பிடித்தது. புதுக் கம்ப்யூட்டரைக் கடையிலிருந்து ஆட்டோவில் கொண்டு வந்து கொடுத்தேன். அதற்குள்ளே ஒரு சின்னக் கார்டைச் செருகி, பின்பக்கம் பழைய மாதிரி ஒரு வாயை உண்டாக்கினார். புது விண்டோஸ் அப்போதும் டாங்கிளை ஏற்கவில்லை. டாங்கிளைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்க டிரைவர் என்று ஒரு சின்ன புரோகிராம் வேண்டும், அதில் செய்தவர்களின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாவிட்டால் இப்போதைய விண்டோஸ் உள்ளே விடாது, அந்தக் காலத்தில் இதெல்லாம் கேட்க மாட்டார்கள் என்றார். டாங்கிளைச் செய்த கம்பெனியே பின்னாளில் வெளியிட்ட டிரைவரைத் தேடி எடுத்தார். அதுவும் சாஃப்ட்வேரோடு சேரவில்லை. கடைசியில் அதே புது விண்டோஸில் பழைய சாஃப்ட்வேரோடு ஒத்துப்போகும் 32 பிட் என்கிற வகையை முதலிலிருந்து ஏற்றினார். இரண்டாம் நாள் மாலை, வந்துவிட்டது என்று போன் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் மறுபடி காணோம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தது. சாஃப்ட்வேர் டாங்கிளைப் பழைய விலாசத்திலேயே தேடுகிறது, கார்டு அதற்கு வேறு விலாசம் கொடுத்திருக்கிறது என்றார். மூன்றாம் நாள் அந்தப் புது விலாசத்தை டிரைவருக்குள் எழுதி வைத்த பிறகு நிலையாகத் திறந்தது. பத்து முறை அணைத்துப் போட்டுக் காட்டச் சொன்னேன். சலிக்காமல் காட்டினார். இந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் மட்டும் கொடுக்காதீர்கள், தானாக எதையாவது மாற்றிக்கொண்டு மறுபடி நிற்கும் என்று எச்சரித்து அனுப்பினார்.

முதல் நாள் சத்திரத்திலிருந்து நான் கடைக்குத் திரும்பவில்லை. நேராக வீட்டுக்குப் போய்விட்டேன். தலைவலி என்று படுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில்தான் அவளைப் பார்த்தேன். நூல் கண்டுகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். டாங்கிள் நன்றாக இருக்கிறதாம், வயர்தான் தப்பாம் என்றேன். அப்படியாக்கா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நூலை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கடை எப்படிக்கா தெரிஞ்சுது உங்களுக்கு?"

"சத்திரத்துல விசாரிச்சேன். ஒருத்தர் சொன்னாரு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. நானும் நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணனைப் பற்றியும் பேச்சு வந்திருக்கும். உண்டு, இல்லை என்று இரண்டில் ஒன்று தெரிந்திருக்கும். அதைக் கேட்க எனக்கு அப்போது உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

மறுநாள் நான் கடைக்கு வந்ததும், அவள் வழக்கமாக மெஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டும் கைப்பையை என் மேஜைமேல் கொண்டு வந்து வைத்தாள். ஜிப் முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே சீப்பும் மாத்திரையும் தெரிந்தன. வைத்துவிட்டு மெஷினை ஓட்டப் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படியே. ஒரு மாதம் போல அந்தப் பை என் கைக்கு எட்டும் தூரத்தில் திறந்தே கிடந்தது. நான் டிசைன் போடும்போது அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஜிப்பை மூடு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகு நான் டாங்கிளைக் கழற்றுவதை நிறுத்தினேன். கார்டு தளர்ந்துவிடும், அடிக்கடி கழற்றாதீர்கள் என்று சர்வீஸ்காரர் சொன்னதாக அவளிடம் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அவள் காலையில் ஒன்பது மணிக்கே வேலையைத் தொடங்கினாள். வாடிக்கையாளர்கள் உட்கார்ந்து காத்திருப்பது நின்றது. நான் வருவதற்குள் இரண்டு மூன்று பெயர்களை அவளே போட்டு முடித்திருப்பாள். எழுத்தின் வளைவு என் கையைவிட நன்றாக வந்தது. பன்னிரண்டு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எதற்காகக் கற்றுக்கொண்டாள் என்று அதற்கும் ஒரு நிமிடம் யோசித்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, அண்ணன் கூப்பிடுகிறார், அங்கே மெஷின் சும்மா நிற்கிறது, போகலாம் என்றிருக்கிறேன் என்றாள். பாருங்கள், நான் சொன்னது சரிதானே என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "நீ அப்படி நடத்தினா வேற யாரா இருந்தாலும் போகத்தான் செய்வாங்க" என்றார். எது முந்தியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் முதலிலேயே போகத் திட்டமிட்டு அதற்காகக் காப்பி எடுக்கப் பார்த்தாளா, நான் பையைத் திறந்ததால் போனாளா? அவளிடமும் கேட்டதில்லை. கிளம்பும்போது டிசைன் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான் ஒரு பென் டிரைவில் பள்ளிக்கூட முத்திரைகள் தவிர மற்றதையெல்லாம் மெஷினில் நேராக ஏற்றுகிற ஃபைலாக மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். முத்திரைகள் வாடிக்கை சம்பந்தப்பட்டவை அல்லவா.

எடமலைப்பட்டி புதூரில் அவள் வைத்திருப்பது புதிய சாஃப்ட்வேர். டாங்கிள் கிடையாது, இன்டர்நெட் இருந்தால் திறக்குமாம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழுந்தன் குடும்பம் வரும்போது பார்த்துக்கொள்வோம். அம்மா எப்படி நடக்கிறாள் என்று கேட்பாள். குழந்தைகள் படிப்பைப் பற்றி நான் கேட்பேன்.

போன வருடம் ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் அவளே போன் செய்தாள். அவர்கள் பக்கம் கேபிள் அறுந்து காலையிலிருந்து இன்டர்நெட் இல்லையாம், சாஃப்ட்வேர் திறக்க மாட்டேன் என்கிறதாம், அதற்குள் இருக்கும் டிசைன் எதையும் எடுக்க முடியவில்லையாம். ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி, அந்த முத்திரை உங்களிடம் இருக்குமே, மெஷின் ஃபைலாக அனுப்ப முடியுமா, நாளைக்குக் கொடுத்தாக வேண்டும் என்றாள். அந்தப் பள்ளிக்கூடம் எங்களிடம் பத்து வருடம் கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக ஏன் வரவில்லை என்பது அந்த நிமிடத்தில் தெரிந்தது.

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். இன்டர்நெட் இல்லாதவள் ஃபைலை எப்படி வாங்குவாள்? போனில் வரும், அதை மெஷினில் ஏற்றிக்கொள்ளலாம், சரி. நான் மறுப்பேனா என்று பார்க்கிறாளா? என்னிடம் இருந்து போன வாடிக்கையை என் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறாளா? அப்படிக் கொஞ்ச நேரம் ஓடியது. அப்புறம் ஃபைலைத் திறந்து, மெஷினுக்குத் தோதாக மாற்றி, போனில் அனுப்பினேன். நன்றிக்கா என்று வந்தது.

மறுநாள் மத்தியானம் தைத்து முடித்த முத்திரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் உள்ள குத்துவிளக்கின் சுடர் ஓரத்தில், நான் போட்ட டிசைனில் எப்போதும் நூல் கொஞ்சம் விலகித் துணி தெரியும். எத்தனையோ முறை பார்த்து, பரவாயில்லை என்று விட்டிருந்தேன். அவள் அனுப்பிய படத்தில் அந்த இடம் சரியாக மூடியிருந்தது. சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்றவள் அதை எதில் திருத்தினாள் என்று யோசித்தேன். மாலைக்குள் கேபிளை ஒட்டியிருக்கலாம், இன்டர்நெட் வந்திருக்கலாம். நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் பதில் போட்டேன்.